மண்டூர்த் திரையும் ஆலாத்தி விளக்கும்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. அதன் இரு மருங்கிலும் வாழ்ந்த மக்கள் தம் நிலத்துக்குச் சூரியனைக் கொண்டே பெயரிட்டனர். கடலை அடுத்த கீழ்க்கரை எழுவான்கரை எனப்பட்டது. வயலும் காடுமாய் விரிந்த மேற்கரை படுவான்கரை எனப்பட்டது. குருமண்வெளித் துறையிலிருந்து வாவியைக் கடப்போர் படுவான்கரையில் இறங்கும் ஊர் மண்டூர். ஞாயிறு சாயும் அக்கரையிலே, தில்லை மரங்கள் சூழ்ந்த இடத்தில் அமைந்தது முருகன் கோயில். கதிர்காமத்து வழிபாட்டு முறையைத் தழுவி நிற்பதால் அதனைச் சின்னக்கதிர்காமம் என்று மக்கள் வழங்குவர். ஆண்டுதோறும் ஆவணிப் பூரணையில் தீர்த்தத்துடன் நிறைவுறும் அதன் பெருவிழாவுக்கு இருகரை மக்களும் திரள்வர்.

இக்கோயிலின் தோற்றத்தைக் கூறும் ஐதிகம் ஒளியிலிருந்தே தொடங்குகிறது. சூரனை வென்ற வேலிலிருந்து மூன்று கதிர்கள் புறப்பட்டன என்பர். ஒன்று உகந்தமலையைச் சார்ந்தது. மற்றொன்று திருக்கோயிலைச் சார்ந்தது. மூன்றாவது மண்டூரில் ஒரு தில்லை மரத்திலே தங்கியது. கிழக்கிலங்கையின் மூன்று முருகன் தலங்களையும் ஒரே ஒளியின் கூறுகளாக இக்கதை இணைத்து வைக்கிறது.

தில்லை, உவர்நீர்க் கரைகளில் வளரும் மரம். அதன் பால் கண்ணிற் பட்டால் கடும் எரிவு உண்டாகும். சிலவேளை பார்வையும் தற்காலிகமாக மறையும். ஆதலால் அதனை வெட்டுவோர் மிகவும் அஞ்சியே அணுகுவர். கண்ணை மறைக்கும் மரத்திலே கதிர் வந்து தங்கியது என்னும் இக்கதை சிந்தனைக்குரியது. இங்குப் பேசப்படும் ஒளி புறக்கண்ணுக்கு உரியதன்று என்பதை அது தொடக்கத்திலேயே உணர்த்திவிடுகிறது.

கோயிலின் பூசை முறையும் இதனையே வலியுறுத்தும். ஆகம முறைப்படி அமைந்த கோயில்களிலே திரை விலகும், மணி ஒலிக்கும், குருக்கள் மந்திரம் ஓதித் தீபம் காட்டுவார். அத்தீபத்தின் ஒளியிலே திருமேனியின் முகமும் மார்பும் பாதமும் அடியார் கண்ணுக்குப் புலனாகும். மண்டூரிலோ திரை விலகுவதில்லை. கப்புகனார் என வழங்கும் பூசகர் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்வார். அடியார் காண்பது திரை. கேட்பது மந்திரமில்லா அமைதி. ஆகமம் பயின்ற சிலர் இதனைக் கல்லாதார் வழிபாடு என்று கருதியதுண்டு. அக்கருத்து ஆராயத்தக்கது. விளக்கேற்றுவது காண்பதற்கு என்றால், காணவொண்ணாத திரைக்கு முன் விளக்கு எதற்கு?

இவ்வினாவுக்கு விடை தருவது ஆலாத்தி. ஆரத்தி என்னும் சொல்லே இங்கு ஆலாத்தி என வழங்குகிறது. மண்டூரிலே விழாக்காலத்தில் சிறுமியர் ஆலாத்தி விளக்கு ஏந்தி நிற்பர். அவ்விளக்கின் ஒளி திரைக்கு அப்பால் செல்வதில்லை. அது விழுவது ஏந்தியவளின் முகத்திலும், சூழ நிற்போர் முகத்திலுமே. விழாவின் முடிவிலே அச்சிறுமியர் நினைவிழந்து சாய்வதும் அவர்களை உறவினர் தாங்கிச் செல்வதும் இக்கோயிலின் தனி வழக்கு. அதனை முருகன் அருள் என்று மக்கள் கொள்வர். பல நாள் விழாவின் அசதியும் வெம்மையும் சனநெரிசலும் காரணமாகலாம் என்று கருதுவதற்கும் இடமுண்டு. உடலுக்கு நேர்ந்ததை மருத்துவம் விளக்கலாம். ஆயினும் ஊரார் அந்நிகழ்ச்சிக்குக் கொடுத்த பொருள் வேறு: ஒளியை ஏந்தியவர், ஏந்துபவர் தாம் என்ற நினைவை இழத்தலே வழிபாட்டின் நிறைவு.

சைவசித்தாந்த நூல்கள் இதே கருத்தை நுணுக்கமாக ஆராய்ந்துள்ளன. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் ஆணவ மலத்தை இருளோடு ஒப்பிட்டு, அது இருளினும் கொடியது என்று காட்டினார். புற இருள் பொருள்களை மறைத்தாலும் தன்னையாவது காட்டும்; இருட்டாயிருக்கிறது என்றேனும் ஒருவன் அறிவான். ஆணவமோ பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. அதிற் கிடப்பவன் தான் இருளிற் கிடப்பதையே அறியான். உயிரைக் கண்ணுக்கு உவமை கூறுவதும் சித்தாந்த மரபு. கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டு. எனினும் வேறோர் ஒளி துணைசெய்யாமல் அது காணாது. அவ்வாறே உயிருக்கு அறியும் தன்மை உண்டு. அருள் கூடாமல் அந்த அறிவு விளங்காது. எனவே ஆன்மிகத்தில் ஒளி என்பது உணர்வு தன்னையே உணரும் நிலைக்குப் பெயராயிற்று.

திரையும் விளக்கும் வேறோரிடத்திலும் இவ்வாறே சேர்ந்தன. 1872ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள் தைப்பூசத்தன்று வடலூர்ச் சத்திய ஞானசபையிலே முதல் சோதி தரிசனம் நிகழ்ந்தது. இராமலிங்க அடிகள் அங்கே உருவத்தை வைக்கவில்லை; ஏழு திரைகளுக்கு அப்பால் ஒளியை வைத்தார். மாயையின் மறைப்புகளைக் குறிக்கும் அத்திரைகள் ஒவ்வொன்றாக நீங்கும். இறுதியில் சோதி தோன்றும். வடலூர் திரையை நீக்கிக் காட்டுகிறது. மண்டூர் திரையை நீக்காமலே வைத்திருக்கிறது. நீங்கவேண்டிய திரை உள்ளத்தில் உள்ளது என்பதில் இரண்டும் ஒன்றே.

மண்டூருக்குத் தெற்கே கடற்கரை ஊரான காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள், இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. பௌதிகம் கூறும் ஒளியை அவர் நன்கறிந்தவர். ஆயினும் 'ஈசனுவக்கும் மலர்' என்னும் அவர் பாடல், இறைவன் விரும்புவது தோட்டத்து மலரைவிட உள்ளமாகிய மலரையே என்று தெளிவித்தது. கற்றறிந்த துறவி பாட்டிலே சொன்னதும், வாய்கட்டிய கப்புகனார் மௌனத்திலே காட்டுவதும் ஒரே வழிபாட்டின் இரு வடிவங்கள். ஆதலால் திரை வழிபாட்டைக் கல்லாமையின் விளைவென ஒதுக்குதல் பொருந்தாது.

1978 நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்தது. 1983 முதல் 2009 வரை நாட்டை வாட்டிய போர் வாவியின் இருகரை மக்களையும் துயரிலாழ்த்தியது. விளக்கேற்றவும் வழியற்ற இரவுகளை அக்குடும்பங்கள் அறியும். இன்றோ திருவிழாக்களில் வண்ண மின்விளக்குகள் கண்ணைப் பறிக்கின்றன. பார்ப்பதற்கு ஒளி மிகுந்துவிட்டது. இத்தகைய காலத்திலே மண்டூர்த் திரையின் பயன் முன்னினும் பெரிது. அதன்முன் நிற்பவர் வேறெதையும் காண வழியின்றித் தம்மையே நோக்கவேண்டியவராகிறார். சிறுமியின் கையிலுள்ள சிறு விளக்கு அதற்குப் போதுமான வெளிச்சத்தைத் தருகிறது.