பங்காளியா, கூட்டாளியா?

சங்கரன்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையின் புதுப் பலகையில் '...மற்றும் பங்காளிகள்' என்று கண்டதும் சிரித்துவிட்டேன். எங்கள் பக்கம் பங்காளி என்றால் அப்பா வழிச் சொத்தில் பங்குள்ளவன். பெண் கொடுக்கவும் எடுக்கவும் ஆகாதவன். வரப்புத் தகராறில் முதல் எதிராளியும் அவனே. பங்காளிக் காய்ச்சலுக்கு மருந்து ஏது? இத்தனைக்கும் 'பங்கு' சண்டைக்காரச் சொல் அல்ல. உமையை இடப்பாகத்தில் வைத்த சிவனுக்குப் பங்கன் என்றே பெயர் உண்டு. அரியும் அரனும் ஒரே உடலில் பாதிப்பாதியாக நிற்கும் சங்கரநாராயணர் ஊரில் இதை விளக்கவே வேண்டாம். சரி, பலகைக்குப் 'பங்குதாரர்' பொருந்துமா? அதில் வரும் 'தார்' பாரசீக ஒட்டு, ஜமீன்தாரில் இருப்பது போல. கம்பெனியில் பங்கு வாங்கியவருக்கு அந்தச் சொல் போதும். 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் சொல்லும் உறவு இன்னும் நெருக்கமானது: தொழிலுக்காக ஒருவர் வாங்கிய கடனுக்கு மற்றவரின் சொந்த வீடும் ஜவாப்தாரி. 2008இல் வந்த எல்.எல்.பி. (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை) சட்டம்தான், அதன்கீழ் பதிந்தவர்களுக்கு மட்டும், அந்தப் பொறுப்புக்கு வரம்பு கட்டியது. இப்படி லாபத்திலும் கடனிலும் சேர்ந்து நிற்பவரைக் 'கூட்டாளி' என்பதே சரி. எங்கள் ஊர்ச் 'சேக்காளி' இன்னும் இனிப்பு, ஆனால் பத்திரத்தில் ஏறாது. கடைக்காரர் அடுத்த முறை பெயின்ட் அடிக்கும்போது மாற்றிக்கொள்ளட்டும்.