நிழலைப் பிடித்து வைத்த நாடா

திருப்பூரில் துணியை அறியாதவர் இல்லை. நூல் எத்துணை உறுதியாயினும் சாயம் சரியாகப் பிடிக்கவில்லையெனில் இரண்டு சலவையில் ஆடை வெளுத்துவிடும் என்பது இங்கே சிறுவரும் அறிந்த செய்தி. நம் வீட்டு பீரோக்களில் 'கல்யாண வீடியோ' என்று பத்திரப்படுத்தப்பட்டிருக்கும் கறுப்புப் பெட்டிகளின் நிலையும் அத்தகையதே. அவற்றின் உள்ளே சுற்றிய நாடா பாலியஸ்டரால் ஆனது. அதன்மேல் பூசிய இரும்பு ஆக்சைடுத் துகள்களில்தான் காட்சியும் ஒலியும் உறைந்துள்ளன. அத்துகள்களைப் பிடித்து நிறுத்தும் பசை, காற்றின் ஈரத்தை உறிஞ்சி நாளடைவில் இளகிவிடுகிறது. துணி நிற்கும், சாயம் போய்விடும்.

குடும்பத்தைப் படம் பிடிக்கும் ஆசை சலனப்படத்தோடு உடன்பிறந்தது. 1895-இல் பிரான்சின் லூமியேர் சகோதரர்கள் மக்களுக்குக் காட்டிய முதற்படங்களுள் ஒன்று, அவர்களில் மூத்தவர் தம் மனைவியோடு அமர்ந்து கைக்குழந்தைக்கு உணவூட்டும் காட்சியாகும். பத்தாண்டு கழித்து, 1905-இல், நம் அண்டை நகராம் கோவையைச் சார்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டினார். ஆயினும் அவை பிறர் எடுத்த படங்கள். 1932-இல் கோடக் நிறுவனம் வீட்டு உபயோகத்துக்கென 8 மி.மீ. சுருளை வெளியிட்ட பின்னரும், இந்நாட்டில் அது செல்வர்க்கும் ஆங்கில அதிகாரிகளுக்குமே எட்டியது. இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலக் குடும்பங்கள் எடுத்த வீட்டுப்படங்கள் பல, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய ஆய்வு மையத்தில் இன்றும் பேணப்படுகின்றன. அவர்தம் குழந்தைகள் தோட்டத்தில் விளையாடியதைக் காணலாம். அதே காலத்து நம் பாட்டனார்களின் முகத்தை எங்கே காண்பது?

நம்மவர் இல்லங்களுக்கு அக்கருவி வந்தது நாடாவின் வடிவில்தான். 1976-இல் ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் வி.எச்.எஸ். முறையை வெளியிட்டது. 1980-களில், வளைகுடா சென்று திரும்பியோர் வீடியோப் பெட்டியைக் கொண்டுவந்தனர். அதே காலத்தில் திருப்பூரின் பனியன் தொழில் ஏற்றுமதியால் செழித்தது. நடுத்தரக் குடும்பத்துத் திருமணத்திலும் காமிரா புகுந்தது.

எதிர்ப்பு இல்லாமலில்லை. உருவப்படம் குறித்த மார்க்கச் சர்ச்சை பழையது. எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மத் பகீத் அல்-முதீஈ, புகைப்படம் என்பது உருவத்தைப் படைப்பதன்று, நிழலைப் பிடித்து நிறுத்துவதே என வாதிட்டு அதனை அனுமதித்துத் தனி நூலே எழுதினார். நம் நாட்டு ஆலிம்கள் பலர் அதை ஏற்கவில்லை. எங்கள் மஹல்லாவிலும் ஒரு சமரசம்தான் நிலவியது: காமிரா ஆண்கள் பந்தலோடு நிற்க வேண்டும்.

1987-இல் என் அக்காவின் நிக்காஹ் அவ்வாறே படமாயிற்று. அத்தா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் அதற்குச் செலவிட்டார் என்று அம்மா பல ஆண்டுகள் குறைபட்டுக்கொண்டதுண்டு. நன்னிமா வாழ்நாளில் புகைப்படத்துக்கு முகம் காட்டாதவர். அன்று மாப்பிள்ளை விடைபெற வந்தபோது மட்டும் நடை வாசலில் வந்து நின்று, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அவருடைய தலையில் கைவைத்து துஆச் செய்தார். விளக்கோடு நின்றவர் அதையும் பிடித்துவிட்டார். மறு ஆண்டு நன்னிமா மௌத்தாகிவிட்டார். அவர் முகத்துக்கும் குரலுக்கும் உலகில் எஞ்சியது அந்த அரை நிமிடமே.

2008-இல் அந்நாடாவைக் குறுந்தட்டாக மாற்ற ஒரு கடையில் கொடுத்தேன். தட்டு வந்தது. படம் தெளிவாகவே இருந்தது. ஆனால், அழகுபடுத்துவதாக எண்ணிய அக்கடைக்காரர், தொடக்கம் முதல் முடிவு வரை சினிமாப் பாட்டுகளை ஏற்றியிருந்தார். குத்பாவும் இல்லை; நன்னிமாவின் குரலும் இல்லை. நாடா எங்கே என்றேன். மாற்றியாயிற்றே, இனி அது எதற்கென்று எறிந்துவிட்டாராம். கேட்டு வாங்காதது என் தவறும்தான்.

அத்தட்டும் நிலையானதன்று. வீட்டில் பதியும் தட்டுகளில் ஒளிக்கதிர் எழுதுவது ஒரு சாயப் படலத்தின் மீதே. தாலோசயனின் எனப்படும் அச்சாய வகையின் உறவினரைத்தான் நம் சாயப்பட்டறைகளில் துணிக்கு மயில்நீலம் ஏற்றப் பயன்படுத்துகிறார்கள். வெயிலிலும் வெப்பத்திலும் கிடந்தால் வெளுக்கும். நாடாவைப் படிக்கும் கருவிகளோ மறைந்துகொண்டிருக்கின்றன. வீடியோப் பெட்டி தயாரித்துவந்த கடைசி நிறுவனமாகிய ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் அதை நிறுத்திற்று. காந்த நாடாக்களில் உள்ளவற்றை 2025-க்குள் எண்முறைக்கு மாற்றாவிடில் பெரும்பகுதி மீளாது போகும் என்று யுனெஸ்கோவும் ஒலி-ஒளிக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் 2019-இல் எச்சரித்தன.

மதரஸாவில் ஓதிய எமக்கு இதில் வியப்பில்லை. கிதாபுகள் நிலைத்தது தாளின் வலிமையால் அன்று. ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் அமர்ந்து படியெடுத்ததால். படியெடுத்ததோடும் அவர்கள் நிற்கவில்லை. ஒரு நூல் ஓதப்பட்ட மஜ்லிஸில் யார் யார் கேட்டனர் என்ற 'ஸமாஉ' குறிப்பையும் ஏட்டிலேயே எழுதினர்: ஓதியவர், கேட்டவர், இடம், தேதி, உடன்வந்த குழந்தையின் வயது, சில பகுதிகளுக்கு வராமற்போனவர் பெயர் வரை. திமிஷ்க் நகரில் ஹிஜ்ரி 550 முதல் 750 வரை எழுதப்பெற்ற இத்தகைய குறிப்புகளைத் தொகுத்து 1996-இல் அகராதியாகவே வெளியிட்டுள்ளனர். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பள்ளிவாசலில் அமர்ந்திருந்த சிறுவனின் பெயர் தெரிகிறது. நம் வீட்டுப் படத்தில் பந்தியில் அமர்ந்திருப்பவர் யாரென்று நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை!

சென்ற ரமலானுக்குப் பின், தட்டில் எஞ்சியதைக் கணினியிலும் தனி வட்டொன்றிலுமாக இரு படிகள் எடுத்தோம். பிறகு அக்காவை அருகில் அமர்த்தி, படத்தை நிறுத்தி நிறுத்திப் பெயர்களை நோட்டில் எழுதினேன். நன்னிமா வரும் இடத்தில் பாட்டின் ஒலியை அடைத்துவிட்டுப் பார்த்தோம். உதட்டசைவிலிருந்து, மணமக்களுக்கான துஆவை அவர் ஓதுவதை உணர முடிகிறது. இறுதியில் ஏதோ தமிழில் சொல்கிறார். அது என்னவென்று மச்சானிடம் கேட்டோம். சிறிது நேரம் திரையையே பார்த்திருந்தார். தமக்கும் நினைவில்லை என்றார்.