தேய்த்துத் தொலைத்த மீன்

செவுளைத் தூக்கிச் சிவப்பா இருக்கா என்று பார்க்காமல் ஜொகூரில் எந்த வீட்டிலும் மீன் வாங்க மாட்டார்கள். அந்தச் சிவப்பு இழைகளைத் தாங்கும் எலும்பு வளைவை மட்டும் யாரும் கவனிப்பதில்லை. அது இழைகளுக்கு உள்பக்கம், தொண்டையை ஒட்டி இருக்கும். தாடையே இல்லாத லாம்ப்ரே மீனில் எல்லாம் தலைகீழ். செவுள்கள் உள்ளே, தாங்கும் குருத்தெலும்பு வெளியே, தோலுக்கடியில் பின்னிய கூடை மாதிரி. அதன் உறவான ஹேக்ஃபிஷ்ஷில் அந்தக் கூடையும் போய் சில துண்டுகள்தான் மிச்சம்.

தாடை என்பதே முன்னால் இருந்த ஒரு செவுள் வளைவு உருமாறியதுதான் என்றார் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானியர் கார்ல் கெகன்பார். அப்படியென்றால் தாடை வருவதற்கு முந்தைய மீனின் செவுள் எப்படி இருந்தது? லாம்ப்ரே போலவா, நம்ம கெம்போங் போலவா?

பதில் தேடியவர்களில் எனக்குப் பிடித்தவர் சுவீடனின் எரிக் ஸ்டென்சியோ. ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுகளில் கிடைத்த, சுமார் 40 கோடி ஆண்டு பழைய செஃபலாஸ்பிஸ் வகை மீன்களின் தலைக்கவசங்களை அவர் ஆராய்ந்தார். ஊசியால் சுரண்டியது பாதி வேலை. மீதி, ஆங்கிலேயரான சோலஸ் 1903இல் சொன்ன வழி: படிவத்தைக் கொஞ்சம் தேய், தெரியும் முகத்தைப் பதிவு செய், மறுபடி தேய். கடைசியில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மெழுகுத் தகடு வெட்டி அடுக்கினால் மண்டையின் உட்புறம் எழுந்து நிற்கும். மீன்தான் இருக்காது.

நான் வேலை செய்யும் எலெக்ட்ரானிக்ஸ் துறையிலும் இதே கதைதான். சோல்டர் மூட்டில் சந்தேகம் வந்தால் பிசினில் பதித்து, தேய்ச்சு, மெருகேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்போம். ஒருமுறை தேய்ச்சா அந்தப் போர்டு குப்பைக்குத்தான். ஆனா எங்களுக்கு அதே மாதிரி ஆயிரம் போர்டு இருக்கும். ஸ்டென்சியோவுக்கு அப்படியா? அந்தத் துணிச்சலை நினைத்தால் இப்பவும் வயிறு கலங்குகிறது.

1927இல் வந்த அவருடைய பெரிய நூலில் மூளைக்குழி, நரம்புப் பாதைகள், செவுள் அறைகளுக்கு நடுவே உள்ள வரப்புகள் வரை படங்களாக இருந்தன. தலையுச்சியில் லாம்ப்ரேக்கு இருப்பது போலவே ஒற்றை மூக்குத்துளை. செவுள்களையும் லாம்ப்ரேயை வைத்தே வாசித்தார். இவை லாம்ப்ரேயின் சொந்தக்காரர்கள் என்பது அவர் தீர்ப்பு. தாடையில்லாதவை என்றது நின்றது, சொந்தம் நிற்கவில்லை. உடலில் எலும்பு, ஜோடித் துடுப்பு எல்லாம் கணக்கில் வந்த பிறகு, இவை தாடையுள்ள மீன்களுக்குத்தான் நெருக்கம் என்று இன்று பெரும்பாலோர் சொல்கிறார்கள்.

2011இல் கை ஷிகுன் குழு ‘ஷூயு’ என்ற சீனத் தாடையற்ற மீனை சுவிட்சர்லாந்தின் சின்க்ரோட்ரான் எக்ஸ்-கதிரில் வைத்தது. இரண்டு மூக்குப் பைகளும் விலகி நிற்பது தெரிந்தது. தாடை வளர அந்த நடு இடம் காலியாக வேண்டும் என்பது முன்பே இருந்த ஊகம். இந்த முறை படிவம் முழுசாகப் பெட்டிக்குத் திரும்பியது.