கணித ஆக்கத்திறனும் அறிகைப் பாங்குகளும் – ஒரு வரலாற்று நோக்கு

கணிதம் என்றதும் விதிகளின் வழியே படிப்படியாகச் செல்லும் ஒரேயொரு சிந்தனை நெறியே பலரது நினைவுக்கு வருகின்றது. அந்நெறியில் விரைந்து செல்லும் மாணவன் திறமையுடையவன் எனவும், படம் வரைந்து பார்த்துத் தயங்குபவன் மந்தன் எனவும் கொள்ளப்படுவதுண்டு. கணித வரலாறு இக்கருத்துக்கு இடந்தருவதாயில்லை.

1851 ஆம் ஆண்டில் ரீமான் கொட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குச் சமர்ப்பித்த கலாநிதிப்பட்ட ஆய்வில், சிக்கலெண் சார்புகளைக் கேத்திரகணித நோக்கில் அணுகினார். அவர் ஆதாரமாகக் கொண்டது டிரிக்ளே கோட்பாடாகும். குறித்த ஒரு தொகையீட்டுக்கு இழிவுப் பெறுமானத்தைக் கொடுக்கும் சார்பொன்று உண்டு என்பதே அதன் சாரம். அதனை அவர் போதிய நிறுவலின்றியே ஏற்றுக்கொண்டார். ரீமான் மறைந்து நான்கு ஆண்டுகளின் பின், 1870 இல், தருக்க ஒழுங்கிற் கண்டிப்புமிக்க வையர்ஸ்ட்ராஸ் இக்குறையைச் சுட்டினார். தொகையீட்டுக்குக் கீழெல்லை இருப்பினும் அதனை அடையும் சார்பு இல்லாதிருத்தல் கூடும் என்பதை உதாரணமொன்றின் மூலம் அவர் காட்டினார். ரீமான் எழுப்பிய கட்டடம் அத்திவாரமற்றது போலத் தோன்றிற்று. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹில்பேட் தகுந்த நிபந்தனைகளின் கீழ் அக்கோட்பாட்டை நிறுவி மீட்டார். உள்ளுணர்வு முதலிற் கண்டதைத் தருக்கம் சோதித்தது. அச்சோதனையே புதிய முறைகள் தோன்றவும் வழிசெய்தது. ஒருவர் இன்றேல் மற்றவரது பணி முற்றுப்பெற்றிராது.

இவ்விருவரையும் பொயின்கரே 1905 இல் வெளியிட்ட விஞ்ஞானத்தின் பெறுமதி என்னும் நூலில் ஒப்புநோக்கினார். ஆராயும் பொருளன்று, உள்ளத்தின் இயல்பே ஒருவரைத் தருக்கவழியினராகவோ உள்ளுணர்வு வழியினராகவோ ஆக்குகின்றது என்பது அவர் கருத்து. இரு சாராரும் கணித வளர்ச்சிக்கு இன்றியமையாதவர் எனவும் அவர் கொண்டார். கணித ஆக்கத்தின் உளவியல் பற்றி ஹதமார் 1945 இல் எழுதிய நூலும் இங்கு குறிப்பிடத்தக்கது. தமது சிந்தனையிற் சொற்களுக்கு இடமில்லை எனவும், காட்சி சார்ந்தும் ஓரளவு தசையியக்கம் சார்ந்தும் அமைந்த கூறுகளே அதில் தொழிற்படுகின்றன எனவும் ஐன்ஸ்ரைன் அவருக்கு எழுதிய கடிதம் அதில் இடம்பெற்றுள்ளது.

மேதைகள் பற்றிய இவ்வவதானிப்புகள் வகுப்பறைக்கும் பொருந்துமா? சோவியத் உளவியலாளர் குருதெட்ஸ்கி பாடசாலை மாணவரைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து 1968 இல் வெளியிட்ட நூல் இதற்கு விடை தருகின்றது. கணித ஆற்றல் மிக்க மாணவரிடையே பகுப்பாய்வுப் பாங்கினர், கேத்திரகணிதப் பாங்கினர், இரண்டும் இசைந்த பாங்கினர் என மூவகையினரை அவர் கண்டார். முதல் வகையினர் படத்தால் எளிதில் தீரும் கணக்கையும் சமன்பாட்டாலேயே தீர்க்க முனைந்தனர். இரண்டாம் வகையினர் படம் வேண்டாவிடத்தும் படத்தை நாடினர். எனவே, அறிகைப் பாங்கு மாணவன் செல்லும் வழியைக் காட்டுகின்றதேயன்றி, அவன் எட்டக்கூடிய உயரத்தை வரையறுப்பதில்லை.

இதனால் கேத்திரகணிதப் பாங்குடைய மாணவனுக்கு நிறுவல் வேண்டாம் என்பது பெறப்படாது. ரீமானின் கோட்பாட்டுக்கும் நிறுவல் வேண்டியிருந்தது. ஆனால் ஒரே வழியில் எழுதப்பட்ட விடைக்கு மட்டும் புள்ளி வழங்கும் பரீட்சை, வேறு வழியிற் சிந்திப்பவனது ஆக்கத்திறனை முளையிலேயே கிள்ளிவிடும். மாணவன் தன் வழியிற் கண்டதை முதலில் ஏற்று, பின்னர் அதனை நிறுவும் ஒழுங்கிற் பயிற்றுவதே கணித ஆசிரியரின் தலையாய கடமையாகும்.