மீரியபெத்தை: மண் மூடிய ஊரும் எழுதப்படாத பெயர்களும்

பெரகலைச் சந்தியிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் வீதியில் கொஸ்லந்தை வரும். அதற்கு மேலே மலைச்சரிவில் இருந்தது மீரியபெத்தைத் தோட்டம். நான் போனபோது அங்கே புல்லும் பற்றையும் மூடிய ஒரு சரிவைத்தான் காட்டினார்கள். "இதுக்குக் கீழதான் கோயில் இருந்துச்சு" என்று ஒரு பெரியவர் கையை நீட்டினார். அவர் காட்டிய இடத்தில் எனக்கு எதுவும் தெரியவில்லை.

2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை. தீபாவளி முடிந்து சரியாக ஒரு கிழமை. காலை ஏழரை மணியளவில் மலை சரிந்தது. லயங்களும் கோயிலும் கடைகளும் மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் பலர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது அவர்களுக்கு வீடும் இல்லை, சிலருக்குத் தாய் தகப்பனும் இல்லை.

இது எதிர்பாராமல் நடந்ததல்ல. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. சரிவான நிலத்தில் மழைநீர் வடிந்தோட வழியில்லாமல் மண்ணுக்குள் இறங்கினால், மண் ஊறிப் பாரமாகும். அடியிலுள்ள பாறையோடு அதற்கிருக்கும் பிடி தளரும். அதனால்தான் பழைய தோட்டங்களில் கான் வெட்டுவதும் துப்புரவாக்குவதும் கொழுந்து எடுப்பதைப் போலவே முக்கியமான வேலையாக இருந்தன. மக்களை எங்கே குடியேற்றுவது என்ற கேள்விக்கு ஒன்பது வருடங்களாக விடை கிடைக்கவில்லை. லயத்தில் இருப்பவருக்கு அந்த நிலம் சொந்தமில்லை. போவதற்கு வேறு நிலமும் இல்லை.

அன்று எத்தனை பேர் புதைந்தார்கள்? முதலில் முன்னூறு பேர்வரை என்றார்கள். பிறகு 192 என்றார்கள். பின்னர் நூறுக்கும் குறைவு என்றார்கள். கடைசியில் இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக நாற்பதுக்கும் குறைவானோர் என்று கணக்கு நின்றது. எண்ணிக்கை குறைந்தது ஆறுதல்தான். ஆனால் அது இப்படித் தடுமாறியது ஏன் என்பதையும் கேட்க வேண்டும். தோட்டத்தின் செக்ரோலில் அன்றாடம் பேர் போட்டவரின் பெயர் இருக்கும். வயதானவர், கைக்குழந்தை, கொழும்பில் கடைவேலை செய்துவிட்டுத் தீபாவளிக்கு வந்து நின்ற மகன் ஆகியோரின் பெயர் அதில் இருக்காது. செக்ரோல் வேலைக்கான பட்டியல். ஊருக்கான பட்டியல் அல்ல.

சட்டப்படியும் தோட்டம் ஓர் ஊராக நடத்தப்படவில்லை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. அது திருத்தப்பட்டது 2018 இல். மீரியபெத்தை புதைந்து நான்கு வருடங்களுக்குப் பிறகு.

ஊர்கள் அழிவது உலகில் புதிதல்ல. ஜேர்மனியில் இப்படிக் கைவிடப்பட்ட இடைக்கால ஊர்களை 'வூஸ்டுங்' என்பார்கள். 1300 ஆம் ஆண்டளவில் அங்கே ஏறத்தாழ 170,000 குடியிருப்புகள் இருந்தன என்றும், 1500 ஆகும்போது அவற்றில் சுமார் 40,000 இல்லாமற் போயின என்றும் வில்ஹெல்ம் ஆபெல் என்ற வரலாற்றாசிரியர் மதிப்பிட்டார். கொள்ளைநோய், தானிய விலையின் வீழ்ச்சி, பட்டணங்களுக்குக் குடிபெயர்வு ஆகியவை காரணங்கள். ஹார்ஸ் மலையின் தென்பகுதியில் இருந்த ஹோகன்ரோடே என்ற ஊரை 1930களில் பவுல் கிரிம் என்ற தொல்லியலாளர் காட்டுக்குள் தோண்டி வீடுகளின் அடித்தளங்களை வெளிக்கொண்டுவந்தார். அழிந்த இப்படியான ஊர்கள் பலவற்றின் பெயர் இன்றும் தெரிவதற்குக் காரணம், நிலவரியும் தானிய வரியும் வாங்கியவர்கள் எழுதி வைத்த ஏடுகள். குடியானவர் தாமாக எழுதியது மிகக் குறைவு.

நமது மலைகளிலும் ஒன்றின்மேல் ஒன்றாக ஊர்கள் அழிந்திருக்கின்றன. 1818 இல் ஊவாக் கிளர்ச்சியை அடக்கிய பிரித்தானியப் படை, சிங்களக் கிராமங்களை எரித்தது. பிறகு கோப்பி வந்தது, அதன்பின் தேயிலை. வேலைக்கு நமது முன்னோர் கொண்டுவரப்பட்டார்கள். 1948 இல் அவர்களின் குடியுரிமை போனது. 1964 இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் விட்டுப்போன காம்பராக்கள் இந்த மாவட்டத்திலும் உண்டு.

எனது தாயின் குடும்பம் ஹப்புத்தளைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து 1977 கலவரத்தின் பின் வவுனியாவுக்குப் போனது. பிறகு கிளிநொச்சி. 2009 இல் முகாம். இதை வாசிக்கும் பலருக்கு இந்தப் பாதை தெரியும். எண்ணிக்கையின் பெறுமதியும் தெரியும். 2008 ஒக்டோபரில் வன்னியில் 429,059 பேர் இருந்ததாகக் கச்சேரிக் கணக்குச் சொன்னது. அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380 பேர். எஞ்சிய 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆணைக்குழுவின் முன் கேட்டார். கச்சேரியில் ஒரு பதிவு இருந்தபடியால்தான் அந்தக் கேள்வியை இலக்கத்தோடு கேட்க முடிந்தது.

மீரியபெத்தையில் தப்பியவர்கள் இரண்டு வருடம் தற்காலிக இடங்களில், மூடிக்கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையிலும், காத்திருந்தார்கள். 2016 ஒக்டோபரில் பூனாகலைப் பகுதியில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. அந்தப் பூனாகலையிலேயே 2023 மார்ச்சில் இன்னொரு தோட்டத்தில் மண் சரிந்து லயங்கள் சேதமடைந்தன.

அந்தப் பெரியவரிடம் லயத்தின் காம்பராக்களை வரிசையாகச் சொல்லச் சொன்னேன். முதல் காம்பராவிலிருந்து தொடங்கினார். யார் இருந்தார்கள், எத்தனை பிள்ளைகள், யார் வெளியூரில் வேலை என்று எல்லாம் சொன்னார். மூன்று இடத்தில் மட்டும் நின்று யோசித்தார். கொப்பியில் எழுதி அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

உங்கள் லயத்துக்கும் உங்கள் ஊருக்கும் அப்படி ஒரு கொப்பி வேண்டும். வீட்டு ஒழுங்கில் பெயர்கள், பிறந்த வருடம், எங்கே போனார்கள் என்பது. நிலம் உறுதியாக நிற்கும்போதே எழுதுங்கள். ஒன்றைக் கோயிலில் வையுங்கள், இன்னொன்றை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுங்கள். மீரியபெத்தையில் கோயிலும் மண்ணுக்குள்தான் போனது.