மேலதிக நேரச் சம்பளம் கேட்டு ஒரு கடிதம்

கனடாவில் தொழிற்சாலைகளிலும் உணவகங்களிலும் வேலை செய்யும் நம்மவர்களில் பலர், மேலதிக நேரத்துக்கு உரிய சம்பளம் வராதபோது வாயால் இரண்டொரு தடவை கேட்டுப் பார்ப்பார்கள். பிறகு பேசாமல் இருந்துவிடுவார்கள். எழுதிக் கேட்கலாமே என்றால், "கடிதம் கொடுத்தால் வேலை போய்விடும்" என்பார்கள். அவர்களில் சிலருக்குக் கடிதம் எழுத உதவியவன் என்ற முறையில், ஒன்ராறியோ மாகாணத்தை வைத்துச் சில விடயங்களைச் சொல்கிறேன்.

முதலில் சட்டம். 2000ஆம் ஆண்டின் வேலைத்தராதரச் சட்டப்படி, வாரத்தில் 44 மணித்தியாலங்களுக்கு மேற்பட்ட வேலைக்கு வழமையான சம்பளத்தின் ஒன்றரை மடங்கு தரவேண்டும். சில தொழில்களுக்கும், மணித்தியாலங்களைப் பல வாரங்களுக்குச் சராசரியாகக் கணக்கிட எழுத்தில் உடன்பட்டவர்களுக்கும் விதி வேறு. இந்த உரிமையைக் கேட்டதற்காக ஒருவரை வேலையை விட்டு நிறுத்துவதையும் மிரட்டுவதையும் அதே சட்டம் தடை செய்கிறது. தடை இருப்பதால் பழிவாங்கல் நடக்காது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நடந்தால், நீங்கள் எப்போது என்ன கேட்டீர்கள் என்பதற்குத் திகதியிட்ட கடிதம் நல்ல சான்று.

என்னிடம் கொண்டுவரும் கடிதங்கள் பெரும்பாலும் இரண்டு விதம். ஒன்று, ஊரில் பள்ளிக்கூடத்தில் பழகிய விண்ணப்பம்: 'தாழ்மையுடன்' தொடங்கிக் குடும்பக் கஷ்டத்தில் முடியும். உழைத்த காசை அது தருமமாக்கிவிடுகிறது. மற்றது, நெடுநாள் கோபம் முழுவதையும் கொட்டுவது. மேற்பார்வையாளரின் ஏச்சு, லீவு தராதது எல்லாம் அதில் வரும். முதலாளி ஏச்சு விடயத்துக்கு மட்டும் மறுப்பு எழுதிவிட்டுச் சம்பளத்தைத் தொடாமல் விடுவார். ஆகவே ஒரு கடிதத்தில் ஒரு கோரிக்கைதான் இருக்கவேண்டும்.

கடிதத்தின் உடல் இவ்வளவு போதும்:

"2025 மார்ச் 3, 10, 17 ஆகிய திகதிகளில் தொடங்கிய மூன்று வாரங்களிலும், வாரத்துக்கு 50 மணித்தியாலங்கள் வேலை செய்தேன். இணைத்துள்ள சம்பளச் சீட்டுகளின்படி எல்லா மணித்தியாலங்களுக்கும் 20 டொலர் வீதமே தரப்பட்டுள்ளது. 44க்கு மேற்பட்ட 18 மணித்தியாலங்களுக்கு 30 டொலர் வீதம் வரவேண்டும். குறைந்துள்ள தொகை 180 டொலர். இதை ஏப்ரல் 11க்கு முன் தருமாறும், கணக்கு வேறென்றால் எழுத்தில் அறியத்தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

இதை எளிய ஆங்கிலத்தில் எழுதினால் போதும். பெரிய சொற்கள் வேண்டாம். மின்னஞ்சலில் அனுப்பினால் உங்கள் சொந்த முகவரிக்கும் ஒரு பிரதி போகட்டும். நிறுவன முகவரியில் மட்டும் இருந்தால், வேலை போகும் அன்றே கடிதமும் போய்விடும். வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம் இரண்டையும் தினமும் ஒரு கொப்பியில் குறித்துவையுங்கள். சம்பளச் சீட்டில் மணித்தியாலம் குறைத்துக் காட்டப்பட்டால் அந்தக் கொப்பிதான் கைகொடுக்கும்.

பதில் வராவிட்டால் மாகாணத் தொழில் அமைச்சில் கட்டணமின்றி முறைப்பாடு செய்யலாம். பணம் தரவேண்டிய நாளிலிருந்து இரண்டு வருடங்களுக்குள் அதைச் செய்யவேண்டும். நீங்கள் கடிதம் கொடுத்ததால் அந்தக் காலக்கெடு நின்றுவிடுவதில்லை. "அடுத்த மாதம் பார்ப்போம்" என்ற பதிலை நம்பி அதைக் கடத்திவிட்டவர்கள் உண்டு.

தொழிற்சங்கம் உள்ள இடமென்றால் வழி வேறு. அங்கே பொதுவாக அமைச்சுக்கு நேரே போகமுடியாது. சங்கப் பிரதிநிதியிடம்தான் கொடுக்கவேண்டும். கூட்டு ஒப்பந்தங்களில் அதற்கான தவணை சில நாட்களாகவும் இருக்கலாம் என்பதால், கடிதம் எழுதுமுன் அவரிடம் அதைக் கேட்டறிந்துகொள்ளுங்கள்.