உமியைக் குறித்துவைத்தவர்

ஆதிச்சநல்லூரைப் பார்த்திருக்கிறீர்களா? திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் வழியில், தாமிரபரணியின் தென்கரையிலுள்ள பரம்பு மேடு அது. 1876-இல் ஜெர்மானியரான டாக்டர் யாகோர் அங்கே தோண்டினார். கிடைத்த பொருள்கள் பெர்லினுக்குப் போயின. ஆவல்தான் அவரையும் அங்கே இழுத்து வந்தது. ஆனால் பொருள் கைக்கு வந்ததும் ஆவல் அடங்கிவிடுவதும் உண்டு.

1899 முதல் சில ஆண்டுகள் அங்கு அகழ்ந்த அலெக்சாண்டர் ரீயின் ஆவல் வேறு வகை. பொன் நெற்றிப்பட்டங்களோடு, முதுமக்கள் தாழிக்குள் கிடந்த நெல் உமி, தினை உமியையும் அவர் குறித்துவைத்தார். உமியை யார் எழுதிவைப்பார்கள்!

பௌதிகம் வளர்ந்த பிறகே அந்த உமியின் மதிப்பு விளங்கிற்று. உயிருள்ளவை எல்லாவற்றிலும் கார்பன்-14 என்னும் கதிரியக்க அணுக்கள் மிகச் சிறிதளவு உண்டு. உயிர் பிரிந்தபின் அவை சுமார் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகின்றன. எஞ்சியதை அளந்தால் வயது தெரியும். லிபி என்ற அமெரிக்கர் 1949-இல் இதைச் செய்துகாட்டினார். பொன்னில் கார்பன் இல்லை. அதனிடம் இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. உமியிடம் கேட்கலாம். ஆற்றின் வடபுறம் சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல் உமி, கி.மு. 1155-ஐச் சேர்ந்தது என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது.

யாரும் குறித்துவைக்காமல் கொட்டிக் கவிழ்த்த தாழிகளில் எவ்வளவு உமி மண்ணோடு போயிற்றோ!